பத்திரியின் சிவப்பு யாருக்காக?

ஆடி மழையில் மட்டாஞ்சேரி யூதத் தெருவை ஒட்டிய சந்துகளில் நடந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்கு வழி சொல்லிவிடும். இந்த வாசலில் சுக்கு, அந்த வாசலில் மிளகு. நடுவில் எங்கிருந்தோ இனிப்பும் காரமும் கலந்த இன்னொரு மணம். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓட்டுக் கூரை போட்ட ஒரு பழைய பாண்டிகசாலையில் போய் நின்றேன். ஈரச் சாக்கை விரித்து நான்கைந்து பெண்கள் ஜாதிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மலையாளத்தைக் கேட்டதும் ஒருவர் சிரித்தபடியே தமிழுக்கு மாறினார். தேனிப் பக்கத்துக்காரர்.

"நேத்து காலடியிலேருந்து வந்தது தம்பி. இதப் பாருங்க" என்று பிளந்த பழம் ஒன்றை என் கையில் வைத்தார். வெளித்தோல் மஞ்சள், சதை வெள்ளை, நடுவில் பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை. அந்தக் கொட்டையைக் கைவிரல்களால் பொத்திப் பிடித்ததுபோல ஒரு சிவப்பு வலை. செம்பருத்திச் சிவப்பு. ஈரமாக, மெழுகு தடவியதுபோல மின்னியது.

"பத்திரி. காயக் காய நெறம் எறங்கிரும்க்கா, அதுக்குள்ள பிரிக்கணும்" என்றார் பக்கத்தில் இருந்த இளம்பெண், என்னிடம் அல்ல, அவரிடம்.

சந்தையில் இந்த ஒரு பழத்துக்கு மூன்று பெயர், மூன்று விலை. மேல் வலை பத்திரி. நம் ஊர்க் கடைகளில் ஜாதிபத்திரி அல்லது ஜாவித்திரி. ஓட்டோடு இருந்தால் தொண்டன். ஓட்டை உடைத்து எடுத்தால் பருப்பு. பத்திரிக்குத்தான் விலை அதிகம். பிரியாணிக்குப் போடும் அந்த மெல்லிய மஞ்சள் இதழ் பிறக்கும்போது இப்படி ரத்தச் சிவப்பாக இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அன்றுதான் தெரிந்தது. உடனே ஒரு கேள்வியும் வந்தது. ஒரு மரம் தன் விதையைச் சுற்றி, ஓட்டுக்கு வெளியே, இவ்வளவு செலவு செய்து இப்படி ஒரு சிவப்பை ஏன் நெய்கிறது? யார் பார்ப்பதற்கு?

பதில் தேடினால் கொச்சியிலிருந்து கிழக்கே, வங்கக் கடலும் மலாக்கா நீரிணையும் ஜாவாக் கடலும் தாண்டிப் போக வேண்டும். இந்தோனேசியாவின் மலுக்கு வட்டாரத்தில் பண்டா என்று ஒரு சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. எண்ணினால் பத்துப் பதினோரு தீவுகள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு சிறிய தாலுகா அளவுகூட வராது. நடுவே கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது குனுங் ஆப்பி. அந்தப் பெயருக்கே நெருப்பு மலை என்றுதான் பொருள். கடைசியாக அது வெடித்தது 1988 மே மாதம். உலகத்துச் சமையலறைகளில் உள்ள ஜாதிக்காய் அத்தனைக்கும் பூர்வீகம் இந்த நெருப்பு மலையைச் சுற்றிய தீவுகள்தான். மலையாளிகளும் தமிழர்களும் தங்கள் மரம் என்று நினைக்கும் கிராம்பும் அப்படியே. அதன் தாய்வீடு பண்டாவுக்கு வடக்கே டெர்னாத்தே, டிடோரே, மோத்தி, மாக்கியான், பச்சான் என்ற ஐந்து தீவுகள். அவையும் எரிமலைகளின் நிலம்.

வெற்றிலையோடு சேர்க்கும் வாசனைப் பொருள்களைப் பஞ்சவாசம் என்று தமிழர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அதில் ஜாதிக்காயும் இலவங்கமும் உண்டு. அதாவது, எங்கோ கிழக்கே எரிமலைச் சாம்பலில் வளர்ந்த இரண்டு செடிகள் நம் வாயில் மணந்திருக்கின்றன. இலங்கையில் மன்னாருக்கு அருகே மாந்தையில் தோண்டியபோது ஒரே ஒரு கிராம்பு கிடைத்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். சோழர் காலத்துக் கிராம்பு.

எரிமலைத் தீவு என்பது செடிகளுக்கு எப்படிப்பட்ட இடம்? பண்டாவில் முதல் நாள் எப்படி இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் கிராகடோவாவில் பார்த்தார்கள். 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருந்த அந்தத் தீவு வெடித்துப் பெரும்பகுதி கடலுக்குள் போனது. மிச்சம் நின்ற துண்டின்மேல் ஆள் உயரத்தைத் தாண்டிய சூடான சாம்பல். ஒன்பது மாதம் கழித்துப் போய்த் தேடியவர்களுக்குக் கிடைத்த உயிர், ஒரே ஒரு சிறு சிலந்தி. பட்டுநூலைக் காற்றில் விட்டு மிதந்து வந்து, தின்ன எதுவுமே இல்லாத இடத்தில் அது வலை பின்னிக்கொண்டிருந்தது. 1886இல் போகோர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் மெல்கியோர் திரூப் போனபோது சாம்பலின்மேல் வழவழவென்று ஒரு படலம் படர்ந்திருந்தது. நீலப்பச்சைப் பாசி. அந்தப் படலத்தின்மேல் 11 வகைப் பெரணிகள்.

இந்த வரிசை தற்செயல் இல்லை. எரிமலைக் குழம்பில் சுண்ணாம்புச் சத்து, சாம்பல் சத்து, இரும்பு, மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் எல்லாம் இருக்கும். ஆனால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறக்குறைய இருக்கவே இருக்காது. காற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். ஆனாலும் சாதாரணச் செடியால் அதைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பாசியால் முடியும். நம் வயல்களில் நெல்லுக்கு அசோலா விடுகிறோமே, அந்த அசோலாவின் இலைக்குள் குடியிருந்து வேலை செய்வதும் இதே நீலப்பச்சைப் பாசி இனம்தான். பாசி உரம் போட்டால் பெரணி வரும். பெரணி மட்கினால் புல் வரும். வேர் கல்லைப் பிளக்கும், மழை சத்தைக் கரைக்கும், சில பத்தாண்டுகளில் காடு எழுந்துவிடும். எரிமலை மண் செழிப்பான மண் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தச் செழிப்புக்கு முன்னால் இப்படி ஒரு பஞ்ச காலம் உண்டு.

பெரணியின் வித்துத்தூள் காற்றில் பறந்து வரும். தேங்காயும் தாழையும் அடம்புக்கொடியும் கடலில் மிதந்து வந்து கரையில் ஒதுங்கும். ஜாதிக்காய்?

அந்தத் தேனிக்கார அக்கா உலர்ந்த தொண்டன் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். கடகடவென்று சத்தம். "ஆடுதுல்ல? அப்போ காஞ்சிருச்சு." வியாபாரிக்கு அது நல்ல சத்தம். விதைக்கு அது சாவுச் சத்தம். ஓட்டுக்குள் பருப்பு சுருங்கி ஆடத் தொடங்கிவிட்டால் ஜாதிக்காய் முளைக்காது. நெல்லையும் உளுந்தையும்போல இதைக் குதிரில் போட்டு அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. ஈரம் போவதற்குள் மண்ணில் விழுந்தாக வேண்டும். பட்டாணி உருண்டையைவிடப் பல மடங்கு பெரிதான இந்த விதை காற்றிலும் வராது, பல வாரம் கடலில் மிதந்து உயிரோடு கரை சேர்வதும் நடக்காத காரியம். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குச் சில மணி நேரத்தில், ஈரம் காயாமல், கடல்மேலாகக் கொண்டுபோகிற ஒரு வண்டி வேண்டும்.

வண்டி புறா. நம் மாடப்புறா அல்ல. தூக்கூலா என்ற பேரினத்தைச் சேர்ந்த, உடல் பருத்த, பழம் தின்னும் பெரிய காட்டுப்புறா. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1857 டிசம்பரில் முதல்முறையாகப் பண்டாவில் இறங்கினார். அங்கே புறாக்கள் ஜாதிக்காயை முழுசாக விழுங்குவதையும், பத்திரியை மட்டும் செரித்துக்கொண்டு கொட்டையைச் சேதமில்லாமல் வெளியே விட்டுவிடுவதையும் எழுதி வைத்தார். புறாவின் அலகு அகலமாக விரியும். கொட்டை உள்ளே போய்விடும். உள்ளே போனதும் இரண்டு வேலை நடக்கிறது. பத்திரியின் கொழுப்பு பறவைக்கு உணவாகிறது. கெட்டியான ஓடு பருப்பைக் காக்கிறது. அந்தப் பருப்பைப் பறவை உடைத்துத் தின்றாலோ பூச்சி துளைத்தாலோ கதை முடிந்தது; அதனால்தான் அதற்குள் நாம் வாசனை என்று கொண்டாடும் காரமான எண்ணெய்கள். மரம் அதை விஷமாகச் செய்து வைத்தது, நாம் மசாலாவாக எடுத்துக்கொண்டோம்.

சிவப்பின் கணக்கு இப்போது புரிகிறது. பச்சைக் காட்டில் வெகு உயரத்தில் மஞ்சள் பழம் வெடிக்கிறது. கரும்பழுப்பின்மேல் சிவப்பு. பறவையின் கண்ணுக்கு அது தொலைவிலிருந்தே தெரியும். எலிகளுக்கும் வௌவால்களுக்கும் அந்தச் சிவப்பால் பெரிய பயனில்லை. இரவில் வருகிறவர்களுக்கு நிறம் எதற்கு? பகலில், கண்ணால் தேடி, சிறகால் கடல் தாண்டுகிறவர்களுக்கான அழைப்பு அது. கொடுக்கும் கூலியும் அதிலேயே இருக்கிறது. மட்டாஞ்சேரியில் கிலோக் கணக்கில் விலைபேசும் பத்திரி, மரத்தின் கணக்கில் ஒரு புறாவின் படகுக்கூலி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாதி மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு விதை மட்டும் புதிய தீவில் விழுந்து முளைத்தால் அது வாழ்ந்து தனியே மடியும். ஆனால் இந்தப் புறாக்கள் கூட்டமாகத் தங்கும் பறவைகள். தங்கும் மரத்தடியில் பல கொட்டைகள் சேர்ந்து விழும். அவற்றில் ஆணும் இருக்கும், பெண்ணும் இருக்கும். காலடி, அங்கமாலிப் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த ஆண் பெண் விவகாரம் பெரிய தலைவலி. விதை போட்டு ஆறேழு ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்தபின் பூத்தால்தான் தெரியும், பாதி மரங்கள் ஆண் என்று. அதனால் இப்போது பெண் மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரத்தை விட்டு வைக்கிறார்கள்.

ஜாதிக்காய்க் குடும்பம் கேரளத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லம் மாவட்டத்தில் குளத்துப்புழை, அஞ்சல், செந்துருணிப் பகுதிகளில் காட்டு ஜாதி மரங்கள் நிறைந்த சதுப்புகள் இருக்கின்றன. 1960இல்தான் அறிவியல் உலகம் அவற்றைக் கவனித்தது. ஆண்டின் பெரும்பகுதி சேறும் நீரும் நிற்கும் இடம். மூச்சு முட்டாமல் இருக்க அந்த மரங்கள் வேரை முழங்காலாக மடித்துச் சேற்றுக்கு வெளியே நீட்டுகின்றன. சில மரங்கள் முட்டுக்கொடுத்ததுபோல அடிமரத்திலிருந்தே வேர் இறக்குகின்றன. ஒரே குடும்பம். ஒரு கிளை எரிமலைச் சரிவில், இன்னொரு கிளை சதுப்பில். நிலம் மாறியதும் வேர் மாறிவிட்டது. விதையைச் சுற்றிய பத்திரி மட்டும் மாறவில்லை. இங்கே அதைத் தின்று விதை பரப்புவது புறாவோடு இருவாட்சியும். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடே, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவையும் கொச்சிக் கொங்கணி வைத்தியர்கள் மூவரின் அறிவையும் துணையாகக் கொண்டு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மலபாரின் காட்டு ஜாதியும் அதில் படத்தோடு இருக்கிறது.

கிராம்பின் உறவுமுறை இன்னும் நெருக்கமானது. கிராம்பும் நம் நாவல் மரமும் ஒரே பேரினம். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். அவர்களுக்குத் தூரத்து உறவாக ஹவாய்த் தீவுகளில் ஓஹியா என்று ஒரு மரம் இருக்கிறது. சிவப்புத் தூரிகைபோலப் பூக்கும். எரிமலைத் தீவில் செடி எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த மரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் விதை தூசிபோல. காற்றே சுமந்து வரும். குழம்பு ஆறி இறுகிய கரும்பாறையின் விரிசலில் விழுந்து முளைக்கிற முதல் மரங்களில் ஒன்று அது. எரிமலைப் புகையில் கந்தக வாயு கலந்து வந்தால் இலையின் துளைகளை மூடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். புகை போனபின் திறக்கும். புதிய பாறையில் வளரும் ஓஹியாவின் இலைகளில் மென்மயிர் அடர்ந்திருக்கும். பழைய, மண் கனிந்த காடுகளில் வளரும் ஓஹியாவுக்கு இலை வழுவழுப்பு. இரண்டும் ஒரே இனம். இளைய நிலத்துக்கு ஒரு சட்டை, முதிய நிலத்துக்கு ஒரு சட்டை.

முதிய நிலம் என்றேன். தீவும் வயதாகிக் களைத்துப் போகும். ஹவாய்த் தீவுகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்று பிறந்தவை. கிழக்கே இருக்கும் பெரிய தீவு இன்னும் குழம்பு கக்குகிறது. மேற்கே கவாயில் சில பாறைகளுக்கு வயது 40 லட்சம் ஆண்டுக்கு மேல். இளைய தீவில் செடிக்கு நைட்ரஜன் பஞ்சம். முதிய தீவில் நைட்ரஜன் சேர்ந்துவிடும். ஆனால் 40 லட்சம் ஆண்டு மழை மணிச்சத்தைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் அந்தக் காடு எதைத் தின்று வாழ்கிறது? மண்ணைச் சோதித்துப் பார்த்தபோது வந்த விடை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஆசியப் பாலைவனங்களில் எழும் புழுதி, பசிபிக் கடலின்மேல் பறந்து போய் மழையோடு அங்கே இறங்குகிறது. அதில் உள்ள மணிச்சத்துதான் கவாயின் பழங்காட்டைத் தாங்கி நிற்கிறது.

வந்து சேர்ந்தபின் தீவுச் செடி சிலவற்றைக் கற்கிறது, சிலவற்றை மறக்கிறது. ஆடு மாடு இல்லாத இடத்தில் முள் எதற்கு, கசப்பு எதற்கு? பல தீவுச் செடிகள் அவற்றை விட்டுவிட்டன. பகைவன் வேறு உருவத்தில் வந்தால் காப்பும் வேறு உருவம் எடுக்கிறது. இதற்குச் சான்று மொரிஷியஸின் பக்கத்துத் தீவு ரோட்ரிக்ஸ். அதுவும் எரிமலை பெற்ற பிள்ளை. அங்கே காப்பிக் குடும்பத்தில், நம் இட்லிப்பூவுக்கு உறவாக, ராமோஸ்மானியா என்று ஒரு செடி உண்டு. சின்னச் செடியாக இருக்கும்போது அதன் இலை குறுகி நீண்டு, பழுப்பாக, காய்ந்த சருகுபோல இருக்கும். வளர்ந்து குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் அகன்ற பச்சை இலை விடும். அந்த உயரம் எது? ராட்சத ஆமை கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆமைக்கு எட்டும்வரை செத்த செடிபோல நிற்பது, எட்டாத உயரம் வந்ததும் பசுமையாக விரிவது.

மனிதர்கள் வந்தார்கள். ஆமைகளை எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பிடித்துத் தீர்த்தார்கள், ஆடுகளை விட்டார்கள். ஆட்டுக்கு இந்தத் தந்திரம் செல்லாது. அந்தச் செடி அழிந்துவிட்டது என்றே உலகம் முடிவு கட்டியிருந்தது. 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவர் ஒரு கிளையைக் கொண்டுவந்து ஆசிரியரிடம் காட்டினார். தீவு முழுக்கத் தேடியும் மிஞ்சியிருந்தது அந்த ஒற்றைச் செடிதான். அதன் கிளைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பி வளர்த்து, 2003இல்தான் அதை விதை பிடிக்க வைக்க முடிந்தது.

தீவில் ஒதுங்கிய செடிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஓரிடத்தில் மட்டுமே இருப்பதால், அந்த ஓரிடத்தைப் பிடித்தவன் கையில் அதன் தலைவிதி முழுசாகப் போய்விடும். ஜாதிக்காய் பண்டாவில் மட்டுமே விளைந்ததால் 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்சூன் கூன் அந்தத் தீவுகளைப் பிடித்தார். பண்டா மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் மடிந்தார்கள், அடிமைகளாக ஏற்றுமதி ஆனார்கள். 1650களில் அதே கம்பெனி கிராம்பின் தாய்வீட்டுத் தீவுகளிலேயே கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்க்க ஏற்பாடு செய்தது. அம்போன் பக்கம் மட்டும் விளைந்தால் விலை தன் கையில் இருக்கும் என்று. 1663இல் கொச்சியும் அதே கம்பெனியின் கைக்கு வந்தது. டச்சு அரண்மனை என்று இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்க்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயே இந்தக் கதையும் நிற்கிறது. வேறு எங்கும் முளைத்துவிடாமல் இருக்க ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் முக்கி ஏற்றுமதி செய்தார்கள். பருப்பு ஆடும் அளவுக்குக் காய்ந்த விதைக்கு அந்தச் சுண்ணாம்பே தேவையில்லை. அவர்கள் தடுக்க முடியாமல் போனது புறாக்களைத்தான். அவை பக்கத்துத் தீவுகளுக்கு விதையைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தன. பின்னால் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்தபோது நாற்றுகள் பல நாடுகளுக்குக் கப்பல் ஏறின. குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட வாசனைத் தோட்டத்திலும் ஜாதிக்காயும் கிராம்பும் வேர் பிடித்தன. இன்று கன்னியாகுமரி மலைக் கிராம்பு புவிசார் குறியீடு வாங்கிய பொருள்.

இத்தனை தூரம் போனவர்கள் நம் கடலுக்கும் ஒருமுறை வர வேண்டும். அந்தமானில் பாரன் தீவு, தென்னாசியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை. 1787இல் வெடித்ததாகப் பதிவு இருக்கிறது. நீண்ட உறக்கத்துக்குப்பின் 1991இல் விழித்தது. அதற்கு வடக்கே நார்கொண்டம். சுமார் 7 சதுர கிலோமீட்டர், 710 மீட்டர் உயரம். எரிமலை அடங்கிப்போய் மலை முழுக்கக் காடு மூடிய தீவு. அந்தப் பெயரே நரக குண்டம் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் குண்டத்தில் உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாட்சி வாழ்கிறது. அத்தியும் மற்றக் காட்டுப்பழங்களும் அதன் உணவு. அந்தப் பழங்களின் விதையைச் சரிவெங்கும் விதைப்பது அதன் வேலை. பண்டாவில் புறா செய்ததை இங்கே இருவாட்சி இன்றும் செய்துகொண்டிருக்கிறது. தீவின் காவல் சாவடிக்காகக் கொண்டுபோன ஆடுகள் ஒரு காலத்தில் பெருகி, இருவாட்சி விதைத்த கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. பிறகு அந்த ஆடுகளைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். கன்றுகள் மறுபடி எழுந்து வருகின்றன.